போனைப் பிடுங்கும் முன்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளை வளர்க்கிற அப்பா, அம்மா, ஆயா, தாத்தா எல்லாருக்கும்,

மருந்துக் கடைக் கவுண்டருக்கு உள்பக்கம் நிற்கிறவன் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர் எழுதும் சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன். நான் அட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கேட்கும் கேள்விகளில் இப்போதெல்லாம் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது: "எந்நேரமும் போனப் பாக்கறதாலதான இவனுக்கு ஃபிட்ஸ் வருது?" பதிலை முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறீர்கள். நான் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்கும் பையன் காதில் அது விழ வேண்டும், அவ்வளவுதான். பின்னால் நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போது இதற்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போன் வெளிச்சத்தால் வலிப்பு வருவதில்லை. ஒளியால் தூண்டப்படும் வலிப்பு என்று ஒரு வகை இருக்கிறது, மறுக்கவில்லை. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பேருக்கு அது இருக்கும். வளரும் வயதுப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கு கொஞ்சம் கூடும், பெண் பிள்ளைகளிடம் இன்னும் சற்றுக் கூடும். அவர்களுக்கும்கூட நின்று எரியும் வெளிச்சம் ஒன்றும் செய்யாது. பளிச் பளிச்சென்று வேகமாக அணைந்து எரிவதுதான் ஆகாது. ஒரு நொடிக்கு மூன்று தடவையிலிருந்து முப்பது தடவை வரை வெட்டும் வெளிச்சம், அதிலும் சிவப்பு, மூளையின் பின்பக்கம் பார்வைக்கென்று இருக்கும் பகுதியை ஒரேயடியாக உசுப்பிவிடும். அங்கே கிளம்பும் மின்னோட்டம் மற்ற இடங்களுக்கும் பரவினால் அதுதான் வலிப்பு.

இதை உலகம் கவனித்தது 1997 டிசம்பர் 16 அன்று. ஜப்பானில் சாயங்கால நேரத்தில் போக்கிமான் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெடிப்புக் காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு தடவை என்ற வேகத்தில் மாறி மாறி அடித்தன. சில நொடிகள்தான். அன்று ராத்திரிக்குள் 685 பேரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குமுன் வலிப்பே வந்திராத பிள்ளைகளும் அதில் நிறைய. நாலு மாதம் அந்தத் தொடரை நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பகுதியைப் பிறகு எங்குமே ஒளிபரப்பவில்லை. நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் வெட்டும் காட்சியைத் தவிர்க்க வேண்டும் என்று இன்று பல நாடுகளின் ஒளிபரப்பு விதிகள் சொல்கின்றன. யூடியூபில் யாரோ வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் போடும் வீடியோவுக்கு அந்த விதியெல்லாம் எட்டாது என்பது வேறு விஷயம்.

நம் ஊரில் 2006-க்குப் பிறகு வீடு வீடாக வந்ததே இலவச கலர் டிவி, அந்த 14 அங்குல டப்பா, அதில் படமே துடித்துத் துடித்துத்தான் வரும். கிட்டே உட்கார்ந்து பார்த்தால் ஒளி ஆகாத பிள்ளைக்கு ஆபத்துதான். இன்றைய எல்இடி டிவியிலும் போனிலும் அந்தத் துடிப்பு இல்லை. போன் திரை சின்னது வேறு, பார்வை முழுவதையும் அது அடைப்பதில்லை. ஆனால் உள்ரோட்டில் பஸ் போகும்போது புளியமரங்களுக்கு நடுவே வெயில் விட்டுவிட்டு அடிக்கிறது பாருங்கள், அது இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி டிஜே வைத்துப் போடும் வெட்டு லைட்டும் ஆகாது. போனைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பிள்ளையை டிஜே லைட்டுக்கு முன்னால் ஆட விடுவதில் என்ன லாபம்?

உங்கள் பிள்ளை அந்த மூன்று பேரில் ஒருவரா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஈஈஜி எடுக்கும்போது தலையில் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்து, முகத்துக்கு நேரே ஒரு விளக்கை வெவ்வேறு வேகத்தில் வெட்டிக் காட்டுவார்கள். அதற்கு மூளை எப்படிப் பதில் சொல்கிறது என்று கோட்டில் தெரிந்துவிடும். ஜிப்மரிலோ வேறெங்கோ எடுத்த ஈஈஜி தாள் உங்கள் பையிலேயே மடங்கிக் கிடக்கும். அடுத்த தடவை போகும்போது, "லைட் டெஸ்ட்ல ஏதாவது தெரிஞ்சுதா சார்?" என்று அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் வெளிச்சத்தைப் பற்றிய பயத்தைப் பெரும்பாலும் இறக்கி வைத்துவிடலாம். தெரிந்தது என்றாலும் திரையே கூடாது என்று ஆகிவிடாது. டிவியை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும், இருட்டறையில் வேண்டாம், வெட்டும் காட்சி வந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாக மூடிக்கொள்ளப் பழக்குங்கள். இரண்டு கண்ணையும் இமையால் மூடுவதைவிட இது மேல், ஏனென்றால் மூடிய இமை வழியாகவும் வெளிச்சம் சிவப்பாக உள்ளே போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தலையில் வெந்நீர் மொண்டு ஊற்றும்போது வரும் வலிப்பு ஒன்று உண்டு, நம் தென்னிந்தியாவில்தான் அது அதிகம், மைசூர் பக்கம் ரொம்ப அதிகம். பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் அதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையை யாரும் குளிக்காதே என்று சொல்வதில்லை. வெதுவெதுப்பாக ஊற்று, தலையில் மடமடவென்று கொட்டாதே, தேவைப்பட்டால் குளிக்கும் முன் ஒரு மாத்திரை, இவ்வளவுதான் சொல்கிறார்கள். வெளிச்சமும் அப்படித்தான்.

அப்படியானால் போனால் கெடுதலே இல்லையா என்றால், இருக்கிறது. அது திரையிலிருந்து வருவதில்லை, தூக்கம் கெடுவதிலிருந்து வருகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் ஃப்ரீ ஃபயர் விளையாடும் பையன், ஆறு மணிக்கு ஸ்கூல் வேனுக்கு எழுப்பும்போது கண்ணே திறக்காமல் எழுந்திருக்கிறான். வலிப்புள்ள மூளைக்குத் தூக்கம் குறைவது போன்ற கெடுதல் வேறு அதிகம் இல்லை. இதற்கு ஆஸ்பத்திரியே சாட்சி. சில பிள்ளைகளுக்கு ஈஈஜி எழுதும்போது, "முந்தின நாள் ராத்திரி தூங்க விடாம கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள் அல்லவா? சாதாரணமாகத் தெரியாத கோளாறு, தூக்கம் கெட்டால் வெளியே தெரியும் என்பதால்தான் அப்படிச் சொல்கிறார்கள். அங்கே கண்டுபிடிப்பதற்காக ஒரே ஒரு ராத்திரி செய்வதை, இங்கே வீட்டில் நாம் தினம் செய்துகொண்டிருக்கிறோம்.

இது போன் வந்த பிறகு புதிதாக முளைத்ததும் இல்லை. செஞ்சி, திண்டிவனம் சுற்று வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா என்றால் ராத்திரி பத்து மணிக்குமேல் தெருக்கூத்து தொடங்கி விடியும்வரை நடக்கும். பிள்ளைகள் கோணிச் சாக்கை விரித்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடும். மறுநாள் காலையில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்தால் அம்மன் குத்தம் என்றோ, கூத்தில் வேஷத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்றோ சொல்வார்கள். ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கூத்து வருஷத்துக்குச் சில ராத்திரிதான். போனில் வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் கூத்து.

எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். காலையில் எழுந்த அரைமணி நேரத்துக்குள் கை திடீரென்று வெட்டி இழுக்கும். டம்ளரில் இருக்கும் காபி சுவரில் தெறிக்கும். பல் விளக்கும் பிரஷ் கையிலிருந்து எகிறி விழும். பின்னல் போடும்போது சீப்பு பறக்கும். "உனக்குக் கையில வலுவே இல்லையா, கவனம் எங்க இருக்கு?" என்று திட்டு விழும். அது கவனக்குறைவு இல்லை. வளரிளம் பருவத்தில் தொடங்கும் ஒரு வகை வலிப்பின் முதல் அடையாளம் அது. முழு வலிப்பு பின்னால் ஒரு நாள் வரும், பெரும்பாலும் தூங்காத ராத்திரிக்கு மறுநாள் காலையில். பப்ளிக் எக்ஸாமுக்கு விடிய விடியப் படித்த பிறகு, அல்லது விடிய விடிய ரீல்ஸ் பார்த்த பிறகு. வெட்டும் வெளிச்சம் ஆகாத பிள்ளைகள் இந்த வகையில்தான் அதிகம். மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும் வலிப்பு இது. ஆனால் தூக்கம் கெட்டால் மாத்திரை மட்டும் போதாது. டம்ளர் தெறிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லாமல் விட்டால், வகை தெரியாமல் பொருந்தாத மாத்திரை எழுதப்படலாம். சில மாத்திரைகள் இந்த வெட்டு இழுப்பை அதிகமாக்கிவிடும்.

ராத்திரி போனால் வரும் இன்னொரு நஷ்டம், மாத்திரை நேரம் தவறுவது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியதைக் காலை எட்டுக்குப் போட்டால் ராத்திரி எட்டுக்குப் போட வேண்டும். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு கேம் முடியட்டும் என்று காத்திருந்து, பத்தரைக்குச் சாப்பிட்டு, மாத்திரையை மறந்து படுத்துவிடுகிறார்கள். மறுநாள் இழுப்பு வந்ததும் பழி மொத்தமும் போனுக்குப் போய்விடுகிறது. சொல்லப்போனால் அதில் பாதி உண்மைதான்.

எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்று கேட்பீர்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் சொன்ன கணக்கு இருக்கிறது: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை பெரியவர் பக்கத்தில் இருக்க ஒரு மணி நேரத்துக்குள், ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். வலிப்புள்ள பிள்ளைக்கென்று தனியாகக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எத்தனை மணி நேரம் என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதைப் பாருங்கள். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன் அணைந்து, பிள்ளை படுக்கும் இடத்துக்கு எட்டாத ஓரிடத்தில், ஆயாவின் தலைமாட்டிலோ சாமி அலமாரியிலோ சார்ஜில் கிடக்க வேண்டும். அப்பாவின் போனும்தான்.

இனி நான் எழுத வந்ததற்கு வருகிறேன். உங்களில் சிலருக்கு இது பிடிக்காது.

உங்கள் பிள்ளை ஏன் இவ்வளவு நேரம் போனில் கிடக்கிறான்? முதல் ஃபிட்ஸ் வந்த அன்றிலிருந்து நீங்கள் அவனுக்குச் சொன்னதை வரிசையாக நினைத்துப் பாருங்கள். ஏரிப் பக்கம் போகாதே. கிணத்து மேட்டில் ஏறாதே. சைக்கிளைத் தொடாதே. வெயிலில் ஓடாதே. பசங்களோடு சேராதே, தள்ளி விட்டுவிடுவார்கள். ஸ்கூலில் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறார்கள், "உங்க வீட்டுலதான் சொன்னாங்க" என்று. டூருக்கு அனுப்புவதில்லை. பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், தெருவில் விழுந்து நாலு பேர் பார்த்துவிட்டால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு வருமா என்று திண்ணையில்கூட உட்கார விடுவதில்லை. இத்தனையையும் அடைத்துவிட்டு, உள்ளே அடங்கி இருக்கட்டும் என்று கையில் போனைக் கொடுத்தது யார்? அந்தக் கையில் இருப்பதையும் இப்போது பிடுங்கினால், அந்தப் பிள்ளைக்கு மிச்சம் இருப்பது சுவர் மட்டும்தான்.

பயப்படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கிணறு உண்மையான பயம்தான். நம் பக்கத்துக் கிணறுகளில் தடுப்புச் சுவர்கூட இருப்பதில்லை. வலிப்பு இன்னும் கட்டுக்குள் வராத பிள்ளை தண்ணீரில் இறங்கக் கூடாது, மரம் ஏறக் கூடாது, அடுப்புப் பக்கம் தனியாக விடக் கூடாது. ஜிஎஸ்டி ரோட்டில் சைக்கிள் வேண்டவே வேண்டாம். ஆனால் தெருவுக்குள் ஓட்டலாம், தலையில் ஹெல்மெட்டோடு. கபடி, கோகோ, ஓட்டம், ரிங் பால், எதற்கும் தடை இல்லை. எதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் விளையாடட்டும் என்றுதான் சொல்வார். ஓடி விளையாடிய பிள்ளை ஒன்பது மணிக்குத் தானாகத் தூங்கும். தூங்கினால் வலிப்பு குறையும். போனைப் பிடுங்கிச் சாதிக்க முடியாததை ஒரு கபடிக் கோடு சாதித்துவிடும்.

கல்யாணப் பேச்சு பற்றியும் ஒன்று. இந்துத் திருமணச் சட்டத்தில் காக்கா வலிப்பு இருந்தால் திருமணம் செல்லாது என்று வழக்குப் போட இடம் தரும் ஒரு வரி இருந்தது. 1999-ல் பாராளுமன்றம் அந்த வரியை எடுத்துவிட்டது. சட்டம் விட்டுவிட்டதை நாம்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பே வராமல் இருக்க முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சின்ன வயதில் தூக்கத்தில் வந்து, பதினைந்து பதினாறு வயதில் தானாக விட்டுப்போகிற வகையும் இருக்கிறது. அதற்காக ஒரு குழந்தையை எட்டு வருஷம் வீட்டுக்குள் பூட்டி வைப்பது நியாயமா?

ஊருக்கே இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்றும் மறந்துவிட வேண்டாம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினோம். போன்தான் பள்ளிக்கூடம் என்று நாம்தான் சொன்னோம். போன் இல்லாத வீட்டுக்காரர்கள் கடன் வாங்கிப் போன் எடுத்தார்கள். விட்டுப்போன படிப்பைச் சரிக்கட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று நம் மரக்காணம் பக்கத்தில்தான் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி உட்கார்ந்து படித்ததை நேரில் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்திலும் ஃபிட்ஸ் வரும் பிள்ளையை அனுப்பாமல் வைத்துக்கொண்ட வீடுகள் உண்டு.

அடுத்து கோபம். "போனை வாங்கினா பொருளைத் தூக்கிப் போடுறான் சார், போனுக்கு அடிமையாயிட்டான்." இருக்கலாம். ஆனால் சீட்டைப் பாருங்கள். 'லெவி' என்று தொடங்கும் லெவிடிராசிட்டம் மாத்திரை சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் கோபத்தையும் கொடுக்கும். பினோபார்பிட்டோன் சில குழந்தைகளை ஓரிடத்தில் உட்கார விடாமல் துறுதுறுவென்று ஆக்கும், படிப்பில் மந்தமாக்கும். தவிர, கவனம் நிற்காத துறுதுறுப்புக் கோளாறு மற்ற பிள்ளைகளைவிட வலிப்புள்ள பிள்ளைகளிடம் அதிகம். மாத்திரை தொடங்கிய பிறகு குணம் மாறியதா, அல்லது மாத்திரைக்கு முன்பே அப்படித்தானா? இதை டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், வேறு மாத்திரை மாற்றுவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பே வந்துவிடலாம்.

திரையை வெறித்துப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாலிலிருந்து பத்து வயதுக்குள் ஒரு வகை வலிப்பு கீழே தள்ளாது, இழுக்காது. பிள்ளை அப்படியே பத்து நொடி நின்றுவிடும், கண் இமை மட்டும் லேசாகப் படபடக்கும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடரும். போன் பார்க்கும் நேரத்தில் இது வந்தால் யாருக்கும் தெரியாது. "போன் கையில இருந்தா கூப்பிட்டாலும் காதுல விழாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். கூப்பிட்டும் திரும்பாவிட்டால் தோளைத் தொடுங்கள், திரையைக் கையால் மறையுங்கள். போனில் மூழ்கிய பிள்ளை சிணுங்கும், கையைத் தட்டிவிடும். இந்த வலிப்பில் இருக்கும் பிள்ளை எதற்கும் அசையாது. ஒரு நாளில் பல தடவை இது வரலாம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவின் பட்டியலில் வலிப்பும் உண்டு. அவர்களிடம் சொன்னால் முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

கடைசியாக, அந்தப் போனால் ஆகும் நல்ல காரியங்கள் இரண்டு. டாக்டர் முன்னால் பிள்ளைக்கு வலிப்பு வருவது அபூர்வம். "கையக் கால இழுத்துச்சு, வாயில நுரை வந்துச்சு" என்று நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அடுத்த தடவை வந்தால் ஒருவர் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், இரும்புச் சாவி தேட ஓடாதீர்கள். இன்னொருவர் வீடியோ எடுங்கள். முகம், கண் எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் கை முதலில் இழுக்கிறது, இது தெரிகிற மாதிரி. வீடியோவிலேயே நேரமும் பதிவாகிவிடும். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-க்கு அடியுங்கள். மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள், சீட்டு இருந்தால்தான் கடையில் கொடுப்போம். அந்த வீடியோ டாக்டருக்கு மட்டும். சொந்தக்காரர்கள் குரூப்பில் போடாதீர்கள், நாளைக்கு அந்தப் பிள்ளையும் அதைப் பார்ப்பான்.

இன்னொரு காரியம் அலாரம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அதைப் பிள்ளையின் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள், அவனுக்குப் பிடித்த பாட்டையே மணியாக வைத்துக்கொள்ளட்டும். பத்து வயதுக்கு மேல் தன் மாத்திரையைத் தானே ஞாபகம் வைத்து எடுக்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன், அம்மாவுக்கு முன்னால் கவுண்டரில் வந்து நின்று மாத்திரைப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள்.

மாத்திரையை அஞ்சு, பத்து என்று வெட்டி வாங்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கையில் காசு இல்லாத கஷ்டம் புரிகிறது. அரசு ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கினால் வலிப்பு மாத்திரைகள் பலதும் இலவசமாகவே கிடைக்கும். வெளியில் வாங்குவதென்றால் அட்டையில் ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே வாருங்கள். பொங்கல், தீபாவளி லீவில் கடை மூடியிருந்தது, மாத்திரை தீர்ந்துபோச்சு, மூன்று நாள் போடவில்லை என்று சொல்லிக்கொண்டு லீவு முடிந்து வருகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக் கடைக்காரன்,
திண்டிவனம்